ஏஜென்சி இல்லாமல் நேரடி ஒப்பந்த வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ஓஎம்ஆரில் ஆறு வருடம் தேர்ட் பார்ட்டி பேரோலில், அதாவது ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் இருந்தேன். கழுத்தில் தொங்கும் அட்டையில் ஒரு கம்பெனி பெயர், சம்பளச் சீட்டில் இன்னொரு கம்பெனி பெயர். அதற்கப்புறம் ஒன்பது வருடமாக நிறுவனங்களோடு நேராக ஒப்பந்தம் போட்டு வேலை செய்கிறேன். பெரும்பாலும் ஈஆர்பி (கொள்முதல், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் கம்பெனி மென்பொருள்), பில்லிங், டேட்டாபேஸ் சம்பந்தப்பட்ட வேலை. "எப்படி ஆரம்பிச்சீங்க அண்ணா?" என்று போனில் கேட்கும் தம்பி தங்கைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். மென்பொருள் துறையை மனதில் வைத்து எழுதியது. டிசைன், டெக்னிக்கல் ரைட்டிங், நெட்வொர்க் வேலை செய்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

நேரடி ஒப்பந்தம் என்றால் சரியாக என்ன?

வேலை வாங்கும் நிறுவனம், அதாவது கிளையன்ட், உங்கள் பெயருக்கே பர்ச்சேஸ் ஆர்டர் போடுகிறது. நீங்கள் பில் அனுப்புகிறீர்கள். பணம் உங்கள் கணக்குக்கு வருகிறது. நடுவில் யாரும் இல்லை. நீங்கள் அங்கே ஊழியர் கிடையாது, வெளியிலிருந்து சேவை தருபவர். பிஎஃப், லீவு, போனஸ் எதுவும் வராது. அதையெல்லாம் உங்கள் ரேட்டுக்குள்ளேயே நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நடுவில் இருப்பவர்கள் எவ்வளவு எடுக்கிறார்கள்?

இடத்துக்கு இடம் மாறும், பொதுவான எண் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பேரோலில் இருந்தபோது என் கைக்கு மாதம் 62,000 ரூபாய் வந்தது. ஒரு மாதக் கடைசியில் டைம்ஷீட்டில் கையெழுத்து வாங்க கிளையன்ட் மேனேஜரின் மேஜைக்குப் போனேன். அவர் பேனா தேடிக்கொண்டிருந்தபோது மேலே கிடந்த ஏஜென்சி பில்லில் என் பெயர் தெரிந்தது. பெயருக்கு நேரே 1,05,000. அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் அந்த வித்தியாசம் முழுவதும் அவர்கள் பாக்கெட்டுக்குப் போகவில்லை என்பது பின்னால் புரிந்தது. முதலாளி பங்கு பிஎஃப், இன்சூரன்ஸ், ஆள் தேடிய செலவு எல்லாம் அதிலிருந்துதான் போகிறது. கிளையன்ட் இரண்டு மாதம் கழித்துப் பணம் கொடுத்தாலும் எனக்கு மாதக் கடைசியில் சம்பளம் போட்டாக வேண்டும், அதற்கான வட்டியும் அதில்தான் அடங்கும். உண்மையான நஷ்டம் சங்கிலி நீளும்போதுதான் வருகிறது. கிளையன்ட்டுக்கு ஆள் சப்ளை செய்யும் ஒரு பெரிய வெண்டர், அவருக்குக் கீழே ஒரு சின்ன வெண்டர், அவருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு கன்சல்டன்சி என்று போனால், ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பங்கு கழியும். ஏஜென்சி மூலம் போனாலும் "எனக்கும் கிளையன்ட்டுக்கும் நடுவில் எத்தனை கம்பெனி இருக்கிறது?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பில்லை.

அப்படியென்றால் ஏஜென்சியே வேண்டாமா?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். படித்து முடித்து இரண்டு வருடம் ஆகாதவர்களை நம்பி யாரும் நேரடி ஒப்பந்தம் தர மாட்டார்கள். பெரிய நிறுவனத்துக்குள் நுழைந்து அவர்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க ஏஜென்சி ஒரு வாசல்தான். எனக்கும் அந்த ஆறு வருடம்தான் தொழில் கற்றுக் கொடுத்தது. ஆனால் பத்து வருட அனுபவம் வந்த பிறகும் அதே வாசலில் நிற்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதில் ஒன்றுமட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன்: வேலை வாங்கித் தருவதற்காக உங்களிடம் டெபாசிட், ட்ரெயினிங் ஃபீஸ், லேப்டாப் கட்டணம் என்று எந்தப் பெயரிலாவது பணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆள் தேடும் நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டியது கிளையன்ட், வேலைக்கு வருபவர் இல்லை.

பெரிய கம்பெனி மேனேஜரிடம் நேராகக் கேட்டேன், "வெண்டர் மூலமா வாங்க" என்கிறார். ஏன்?

அவருக்கு உங்களைப் பிடிக்காததால் இல்லை. பெரிய நிறுவனங்களில் யாரிடம் வாங்கலாம் என்பதைக் கொள்முதல் பிரிவு முடிவு செய்கிறது. அவர்களிடம் அங்கீகரிக்கப்பட்ட வெண்டர் பட்டியல் ஒன்று இருக்கும். ஒரே ஒரு ஆளுக்காகப் புதிதாக வெண்டர் எண் திறப்பது, ஒப்பந்தத்தைச் சட்டப் பிரிவு பார்ப்பது, ஆண்டுதோறும் ஆவணம் புதுப்பிப்பது எல்லாம் அவர்களுக்கு வீண் வேலை. "நான் உங்கள் ஊழியர்தான்" என்று பின்னால் இந்த ஆள் வழக்குப் போடுவாரோ என்ற பயமும் உண்டு. மேனேஜர் நல்லவராக இருந்தாலும் அவர் கையில் அதிகாரம் இல்லை. நான் முதல் எட்டு மாதத்தை ஓஎம்ஆர் கோபுரங்களுக்கு ரெஸ்யூமே அனுப்பியே கழித்தேன், ஒன்றுகூட வரவில்லை. நீங்கள் அந்த எட்டு மாதத்தை மிச்சம் பிடியுங்கள்.

அப்போது யாரிடம்தான் போவது?

பிரச்சினையால் கஷ்டப்படுபவரும் செக்கில் கையெழுத்துப் போடுபவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்துக்குப் போங்கள். அல்லது இருவரும் அடுத்தடுத்த அறையில் உட்காரும் இடத்துக்கு. ஒன்பது வருடத்தில் நான் கண்டுகொண்டது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வருவதுதான்.

இப்படிப்பட்ட இடங்கள் பளபளப்பான கட்டடங்களில் இருக்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருநூறு பேர் வேலை செய்யும் உதிரிபாகத் தொழிற்சாலை, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் சப்ளையர், ஒசூரில் அச்சுகளும் கருவிகளும் செய்யும் ஒரு டூல் ரூம், கோவையில் பம்ப்செட் கம்பெனி, திருப்பூரில் பனியன் ஏற்றுமதியாளர், நாமக்கல்லில் லாரி ட்ரான்ஸ்போர்ட், ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் ஸ்கேன் சென்டர். இவர்களிடம் மென்பொருள் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஃபுல்டைம் ஆள் போட அவ்வளவு வேலையும் இல்லை. ஏஜென்சிகள் இவர்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதும் இல்லை, ஒரு ஆள் மூன்று மாதம் என்ற கணக்கு அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

ஒரு உதாரணம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் மற்ற நிறுவனங்களுக்குப் போடும் பில்லை இ-இன்வாய்ஸாக அரசு தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று ஜிஎஸ்டியில் விதி வந்தது. 2020இல் 500 கோடி என்று தொடங்கி, படிப்படியாக இறங்கி நடுத்தரக் கம்பெனிகளின் வாசலுக்கு வந்த விதி. அந்தச் சமயம் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலைக்கு வேறு ஏதோ வேலையாகப் போயிருந்தேன். கணக்குப் பார்க்கும் அக்கா ஒவ்வொரு பில்லையும் முதலில் கம்பெனி மென்பொருளில் அடித்தார். பிறகு அதையே அரசு தளத்தில் மறுபடி அடித்தார். வந்த க்யூஆர் கோடை பிரிண்ட் எடுத்து, கத்தரியால் வெட்டி, பில் நகலில் கம் வைத்து ஒட்டினார். வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை பில் அக்கா?" என்றேன். "நாற்பது வரும் தம்பி" என்றார். அந்த இரண்டு மென்பொருளையும் இணைக்கும் வேலையை 60,000 ரூபாய்க்கு எடுத்தேன், மூன்று வாரத்தில் முடிந்தது. முதலாளி மேல்மாடியில்தான் உட்கார்ந்திருந்தார். பேசி முடிக்க இருபது நிமிடம் ஆனது, ரெஸ்யூமே கேட்கவே இல்லை.

அரசு விதி ஒன்று மாறும்போதெல்லாம் இப்படி ஒரு சுற்று வேலை வருகிறது. கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எதை எப்போது மாற்றினார் என்ற தடம் பதிவாக வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி வந்தபோதும் பழைய மென்பொருள் வைத்திருந்தவர்கள் ஆள் தேடி அலைந்தார்கள். ஆகவே உங்கள் துறையில் எந்த விதி எப்போது அமலுக்கு வருகிறது என்பதைப் படித்து வைத்திருங்கள். வேலை தேடும் தளங்களைப் பார்ப்பதைவிட இது பலன் தரும்.

சரி, முதல் வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது?

உங்கள் வேலையை ஏற்கெனவே கண்ணால் பார்த்தவர்களிடமிருந்துதான் முதல் வேலை வரும். பழைய கம்பெனிகளில் கூட வேலை பார்த்தவர்கள் இன்று எங்கெங்கோ இருப்பார்கள். ஒரு நோட்டில் நாற்பது பெயர் எழுதுங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் போனில் கூப்பிடுங்கள். எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தியை அனுப்பினால் யாரும் பதில் போட மாட்டார்கள். வேலை கேட்காதீர்கள், "இப்போது நான் தனியாக இந்த மாதிரி வேலை செய்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு வந்த முதல் நேரடி வேலை, முன்பு என் பக்கத்துச் சீட்டில் இருந்த நண்பனின் மாமா கம்பெனியில்.

அடுத்து ஆடிட்டர்கள். ஊரில் ஒவ்வொரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்டிடமும் ஐம்பது நூறு கம்பெனிகளின் கணக்கு இருக்கும். எந்தக் கம்பெனியில் மென்பொருள் சொதப்புகிறது என்பது முதலாளிக்கு முன்பே அவருக்குத் தெரியும், ஏனென்றால் மார்ச் மாதம் அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டுவது அவருடைய அலுவலகம். செப்டம்பர், அக்டோபரில் போய்ப் பார்க்காதீர்கள், ஆடிட் கெடுவில் மூச்சுவிட நேரம் இருக்காது. டிசம்பர் நல்ல மாதம். டேலி கணக்கு மென்பொருள் விற்கும் டீலர்கள், கம்ப்யூட்டர், சர்வர் சப்ளை செய்பவர்களும் இதேபோல்தான். அவர்கள் செய்யாத வேலையை நீங்கள் செய்தால் உங்களைச் சந்தோஷமாகக் கைகாட்டிவிடுவார்கள்.

தொழில் சங்கங்களை நம் ஆட்கள் மறந்தே விடுகிறார்கள். அம்பத்தூர் உற்பத்தியாளர் சங்கமான அய்மா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஆக்மி இயந்திரக் கண்காட்சி நடத்துகிறது. கோவையில் கொடிசியா என்ற சிறுதொழில் சங்கத்தின் இன்டெக் கண்காட்சி நடக்கிறது. ஸ்டாலில் நிற்பவர் பல சமயம் முதலாளியேதான். அவர் விற்க வந்திருக்கிறார் என்பதால் நேராக உங்கள் கதையை ஆரம்பிக்காதீர்கள். அவருடைய இயந்திரத்தைப் பற்றிக் கேளுங்கள், கடைசியில் "ஆர்டர், ஸ்டாக் எல்லாம் எதில் சார் பார்க்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி போதும். "அதை ஏன் கேக்கறீங்க" என்று ஆரம்பித்தால் கார்டு கொடுத்துவிட்டு வாருங்கள், அடுத்த வாரம் கூப்பிடலாம்.

நிரலாளர் குழுக்களுக்கும் போங்கள். சென்னையில் பைதான் மொழிக்காரர்களின் குழுவான சென்னைபை மாதாமாதம் கூடுகிறது. அங்கே வாடிக்கையாளர் கிடைப்பது அரிது, ஆனால் கையில் வேலை நிரம்பி வழியும் இன்னொரு ஒப்பந்தக்காரர் கிடைப்பார். அதுவும் வேலைதான்.

மின்னஞ்சலில் என்ன எழுதுவது?

குறைவாக. நான் அனுப்பிப் பதில் வந்த ஒன்றை அப்படியே தருகிறேன்:

"வணக்கம் சார். ஆடிட்டர் சார் உங்கள் எண் கொடுத்தார். உங்கள் இரண்டு குடோன் ஸ்டாக்கும் மாதக் கடைசியில் ஒத்துப்போவதில்லை என்று சொன்னார். இதே மாதிரி ஒரு ட்ரேடிங் கம்பெனிக்குப் போன வருடம் சரி செய்து கொடுத்தேன். வியாழக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன். அரை மணி நேரம் கொடுத்தால் உங்கள் சிஸ்டத்தைப் பார்த்துவிட்டு என்ன பிரச்சினை என்று சொல்கிறேன். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை."

அறிமுகம் செய்தவர், அவருடைய பிரச்சினை, நீங்கள் முன்பு செய்தது, எந்த நாள் என்பது. இவ்வளவு போதும். எந்தெந்த மொழி தெரியும், எத்தனை சான்றிதழ் இருக்கிறது என்பதெல்லாம் அவர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது ஏஜென்சி மூலம் வேலை செய்யும் கிளையன்ட்டிடமே நேராகப் போகலாமா?

இருக்கும் ஒப்பந்தத்தை முதலில் எடுத்து வரிவரியாகப் படியுங்கள். பெரும்பாலும் "ஒப்பந்தம் முடிந்து 12 மாதம் வரை இந்த கிளையன்ட்டிடம் நேரடியாக வேலை எடுக்கக் கூடாது" என்று ஒரு வரி இருக்கும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27 ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையை விட்டபின் வரும் தடைகளை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே கிளையன்ட்டோடு தனியாகப் பேரம் பேசினால் அது வேறு கதை, அங்கே சட்டம் உங்கள் பக்கம் நிற்காது. அதோடு, கிளையன்ட்டும் ஏஜென்சியோடு தனியாக ஒரு ஒப்பந்தம் போட்டிருப்பார். உங்களை எடுத்தால் அவர் கட்டணம் கட்ட வேண்டியிருக்கலாம். எனக்குச் சரியென்று படுவது: முறைப்படி நோட்டீஸ் கொடுத்து வெளியே வாருங்கள், தடைக்காலம் முடியட்டும், அதுவரை வேறு இடத்தில் வேலை செய்யுங்கள். ஊர் சின்னது, பெயர் கெட்டால் திரும்பி வராது.

ரேட் எவ்வளவு சொல்வது?

மாதச் சம்பளத்தை 30ஆல் வகுத்து நாள் கூலி சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கில் ஆறே மாதத்தில் கையைக் கடிக்கும். வருடத்தில் சனி, ஞாயிறு மட்டும் 104 நாள் போய்விடும். பண்டிகை, உடம்பு சரியில்லாத நாள், விசேஷம் எல்லாம் கழித்தால் 225 நாள் மிஞ்சும். அதிலும் வேலை தேடவும் பில் துரத்தவும் நாள் போகும். 200 நாளுக்குத்தான் காசு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், முதல் வருடம் 150தான்.

இப்போது கணக்கு: நீங்கள் 12 லட்சம் சம்பளத்தில் இருக்கிறீர்கள் என்றால், பிஎஃப், இன்சூரன்ஸ், லேப்டாப், காலியாக இருக்கும் நாட்களுக்கான காப்பு எல்லாம் சேர்த்து 18 லட்சம் வர வேண்டும். 200ஆல் வகுத்தால் நாளுக்கு 9,000. இதை வாடிக்கையாளரிடம் சொல்ல வாய் வராது, எனக்கும் வரவில்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகினேன், உண்மையாகவே.

சின்னக் கம்பெனி முதலாளிகளிடம் நாள் ரேட் பேசாமல் முழு வேலைக்கும் ஒரே தொகை சொல்லுங்கள். "நாளுக்கு 9,000" என்றால் அதிர்ச்சி அடைவார். "இந்த வேலை முடித்துக் கொடுக்க 60,000, மூன்று வாரம்" என்றால் யோசிப்பார். மூன்று வாரத்தில் எத்தனை நாள் நீங்கள் அதில் உட்காருவீர்கள் என்பது உங்கள் கணக்கு. அப்புறம், பேரம் பேசினால் தொகையை மட்டும் குறைக்காதீர்கள். தொகை குறைந்தால் வேலையிலும் ஏதாவது ஒன்று குறைய வேண்டும்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை?

இரண்டு பக்கம் போதும். என்ன செய்வீர்கள், என்ன செய்ய மாட்டீர்கள், எப்போது முடிந்ததாக அர்த்தம், எவ்வளவு பணம், எப்போது வரும். முன்பணம் 30 சதவீதமாவது வாங்குங்கள். முன்பணம் தரத் தயங்குபவர் கடைசிப் பணத்துக்கும் தயங்குவார், இதில் நான் இதுவரை தவறியதில்லை. "இதையும் சேர்த்துப் பண்ணிடுங்க" என்று கூடுதல் வேலை வந்தால் வாட்ஸ்அப்பிலாவது அதற்கான தொகையை எழுதி ஒப்புதல் வாங்குங்கள்.

நிரலின் உரிமையைப் பற்றியும் ஒரு வரி இருக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி ஊழியர் எழுதியது முதலாளிக்குச் சேரும், ஆனால் வெளி ஒப்பந்தக்காரர் எழுதியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், எழுதியவருக்கே சேரும். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று பிரிவு 19 சொல்கிறது. நான் "முழுப் பணமும் வந்த நாளில் உரிமை முழுவதும் உங்களுக்கு மாறும்" என்று எழுதுகிறேன். கடைசித் தவணை வருவதற்கு இந்த ஒரு வரி எனக்கு இரண்டு முறை உதவியிருக்கிறது.

கம்பெனி பதிவு செய்ய வேண்டுமா? ஜிஎஸ்டி?

கம்பெனி வேண்டாம். உங்கள் பான் எண்ணில் தனிநபர் உரிமையாளராகவே பில் போடலாம். தனியாக ஒரு வங்கிக் கணக்கு மட்டும் திறந்துகொள்ளுங்கள், வீட்டுச் செலவும் தொழில் வரவும் கலக்காது.

சேவைகளுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதுவரை வேண்டாம், வேறு மாநில வாடிக்கையாளருக்குச் செய்தாலும் இந்த வரம்பு பொருந்தும். பதிவு செய்தபின் 18 சதவீதம் சேர்த்துப் பில் போட வேண்டும். வாடிக்கையாளர் தொழிற்சாலையாக இருந்தால் அந்த வரியை அவர் தன் வரியில் கழித்துக்கொள்வார், எனவே அவருக்கு அது சுமை இல்லை. சிலர் "ஜிஎஸ்டி இல்லாதவரிடம் வாங்க மாட்டோம்" என்பார்கள், அப்போது விருப்பப் பதிவு செய்யலாம்.

குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை மட்டும் முதல் பில்லுக்கு முன்பே செய்துவிடுங்கள். ஆதார், பான் போதும், அரசுத் தளத்தில் இலவசம். அதே தோற்றத்தில் தனியார் தளங்கள் பணம் கேட்கும், அவற்றில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். இது ஏன் அவசியம் என்று பணம் வராத கேள்வியில் சொல்கிறேன்.

வரி பிடித்துக்கொண்டு தருகிறார்களே?

அது டிடிஎஸ், பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. தொழில்முறைச் சேவைக்கு 10 சதவீதம், பிரிவு 194ஜே. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் பிடிப்பார்கள். பணம் எங்கும் போகாது, உங்கள் பான் கணக்கில் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும், ரிட்டர்னில் கட்ட வேண்டிய வரிக்குக் கழித்துக்கொண்டு மீதியைத் திரும்ப வாங்கலாம். பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாத ஆட்களும் இருக்கிறார்கள், அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 26ஏஎஸ் பாருங்கள்.

இன்னொரு நல்ல விஷயம் பிரிவு 44ஏடிஏ. தகவல் தொழில்நுட்பம் உட்படக் குறிப்பிட்ட தொழில்களில் இருப்பவர்கள் மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம், தணிக்கை தேவையில்லை. உண்மையில் அதைவிட அதிக லாபம் என்றால் அதைக் காட்ட வேண்டும். வரவு வரம்பு 50 லட்சம், ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம். 2025-26 நிதியாண்டை எடுத்துக்கொள்வோம். வரவு 18 லட்சம், அதில் பாதி 9 லட்சம் வருமானம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். பிடித்த 1.8 லட்சம் முழுவதும் ரீஃபண்டாக வரும். அதே 18 லட்சத்தைச் சம்பளமாக வாங்குபவர் கணிசமாக வரி கட்டியிருப்பார். வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்பதால், நான் இங்கே சொல்லும் பழைய 1961 சட்டத்தின் பிரிவு எண்கள் அன்று முதல் மாறுகின்றன. முதல் வருட ரிட்டர்னை ஆடிட்டர் கையால் போடுங்கள், அவரோடு பழக்கமும் ஆகும்.

வேலை முடிந்தது, பணம் வரவில்லை. என்ன செய்வது?

எனக்கு இது நடந்தது. மூன்றாவது வருடம், ஒரு வாடிக்கையாளர் 1,40,000 ரூபாயை ஏழு மாதம் இழுத்தடித்தார். "அடுத்த வாரம்" என்று முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். அந்த மாதங்களில் மகளின் ஸ்கூல் ஃபீஸை என் தம்பி கட்டினான். அன்றைக்கு எனக்குச் சட்டம் தெரியாது.

குறு, சிறு, நடுத்தர நிறுவன வளர்ச்சிச் சட்டம் 2006 உங்களுக்காகத்தான் இருக்கிறது. உத்யம் பதிவு இருந்தால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் உடன்பாடே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. தரவில்லையென்றால் தாமதப் பணத்துக்கான அரசு தளத்தில் புகார் பதிவு செய்யலாம். அது இந்தத் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் வசதியாக்கக் குழுவுக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் குழுக்கள் இருக்கின்றன. குழுவின் தீர்ப்பை எதிர்த்து வாடிக்கையாளர் நீதிமன்றம் போனால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் வாதாட முடியும். வேலை முடிந்தபின் எடுத்த உத்யம் பதிவு முந்தைய பில்லுக்குச் செல்லுமா என்பதே வழக்காகிவிடுகிறது. முதல் பில்லுக்கு முன்பே பதிவு செய்யச் சொன்னது இதனால்தான்.

இதைவிட வேகமாக வேலை செய்வது பழைய வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் வந்த பிரிவு 43பி(எச்). குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய நாளுக்குள் பணம் தராவிட்டால், தரும் வருடம் வரை அதைச் செலவாகக் கழிக்க முடியாது. ஆகவே பில்லில் உத்யம் எண்ணைப் பெரிதாக அச்சிடுங்கள். பிப்ரவரியில் முதலாளிக்கு இல்லாமல் அவருடைய கணக்குப் பிரிவுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள்: "எங்கள் பில் எண் இது, உத்யம் எண் இது, 45 நாள் இந்தத் தேதியில் முடிந்தது." மிரட்டல் வேண்டாம், இந்த மூன்று விவரம் போதும். மார்ச் முடிவதற்குள் அவர்கள் ஆடிட்டரே பணத்தைக் கொடுக்கச் சொல்லிவிடுவார்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்?

நன்றாக இருக்கும், ஆனால் பழைய சகாக்கள் மூலம் வருவதே நிலைக்கிறது. அமெரிக்க நிறுவனம் டபிள்யூ-8பென் படிவம் கேட்கும், நீங்கள் அமெரிக்கர் இல்லை என்ற உறுதிமொழி அது. நிரப்பிக் கொடுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தைத் தாக்கல் செய்துவிட்டால் வரி இல்லாமல் பில் போடலாம். வந்த பணத்துக்கு வங்கியிடம் அந்நியச் செலாவணி வரவுச் சான்று வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 20 லட்ச வரம்பில் இந்த வரவும் சேரும். ஃப்ரீலான்ஸ் தளங்கள் வழியாகவும் வேலை வரும், ஆனால் அவர்களும் பங்கு எடுக்கும் இடைத்தரகர்கள்தான்.

பிஎஃப் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. வீட்டில் பயப்படுகிறார்களே?

அந்தப் பயம் நியாயமானது. வேலையை விடும் முன் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுங்கள், பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால் கம்பெனி பாலிசி இருக்கும்போதே. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. பிஎஃப்புக்குப் பதிலாக பிபிஎஃப்பில் (பொது வருங்கால வைப்பு நிதி) ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை போடலாம். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் சம்பளத்தில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். சொந்தத் தொழில் என்றால் வங்கிகள் பொதுவாக இரண்டு மூன்று வருட ரிட்டர்ன் கேட்கும். ஆறு மாதச் செலவு கையில் இருக்கட்டும். என் மனைவி கேட்டது எட்டு மாதம். அவர் சொன்னதுதான் சரி என்று முதல் வருடத்திலேயே தெரிந்தது.

வேலை முடித்துக் கொடுத்த பிறகு?

பாஸ்வேர்டுகள், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, பேக்கப் எப்படி எடுப்பது என்று நான்கு பக்கம் தமிழில் எழுதி, பிரிண்ட் எடுத்து, அங்கே அதைப் பயன்படுத்துபவர் கையில் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு போன்: "எல்லாம் ஓடுதா?" அந்த அம்பத்தூர் அக்காவிடம் அப்படிக் கேட்டபோது, "ஓடுது தம்பி. பக்கத்து ஷெட்டுல இன்னும் கத்தரிக்கோல் வெச்சுத்தான் வெட்டிக்கிட்டு இருக்காங்க. நம்பர் தரட்டுமா?" என்றார்.